யார் இந்த ஆலிஸ் மிலியா? பெண்கள் கால்பந்தைக் கடல் தாண்டிக் கூட்டிப்போனவர்

பொறையாறு பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால், பூவத்தில் காரைக்கால் தொடங்கிவிடும். 1954 வரை இது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண். இங்கே அவர்கள் கொடி பறந்த காலத்தில், பாரீஸில் ஒரு பெண் பெரிய பெரிய விளையாட்டுச் சங்கங்களோடு மல்லுக்கு நின்றார். அவர்தான் ஆலிஸ் மிலியா.

யார் இவர்?

1884இல் பிரான்ஸின் நாந்த் நகரில் பிறந்தவர். இளம் வயதில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே கல்யாணம் நடந்தது. 1908இல் கணவர் இறந்துவிட்டார். பிறகு பாரீஸில் படகு வலிப்பதில் இறங்கினார். பெண்கள் விளையாட்டுக்கென்றே ஒரு தேசிய சம்மேளனம் உருவானபோது அதில் சேர்ந்து, 1919இல் தலைவரானார். பெண்களுக்கான கால்பந்துப் போட்டிகளையும் அந்தச் சம்மேளனம் நடத்தியது.

கால்பந்தில் என்ன செய்தார்?

1920 ஏப்ரலில் பிரெஞ்சுப் பெண்கள் அணியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். எதிரணி, பிரஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள். முதல் ஆட்டத்தைப் பார்க்கவே சுமார் 25,000 பேர் வந்துவிட்டார்கள். மொத்தம் 4 ஆட்டம். இரண்டில் டிக் கெர் ஜெயித்தது, ஒன்று டிரா, லண்டனில் நடந்த கடைசி ஆட்டம் பிரான்ஸுக்கு. வசூல் முதல் உலகப்போரில் காயப்பட்ட வீரர்களுக்குப் போனது. அதே வருஷம் டிக் கெர் அணியும் பிரான்ஸுக்குப் போய் விளையாடியது.

ஆனால், 1921 டிசம்பர் 5இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதுன்னு கதவைச் சாத்திவிட்டது. கால்பந்து பெண்களின் உடம்புக்கு ஆகாது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று.

ஒலிம்பிக்கோடு என்ன சண்டை?

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களைச் சேர்க்கச் சொல்லி 1919இலேயே கேட்டார் மிலியா. முடியாதுன்னு பதில் வந்தது. சரி, நாமே நடத்துவோம் என்று இறங்கிவிட்டார். 1921இல் சர்வதேசப் பெண்கள் விளையாட்டுச் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1922 ஆகஸ்ட் 20இல் பாரீஸில் பெண்களுக்கான ஒலிம்பிக்கை ஒரே நாளில் நடத்திக் காட்டினார். 5 நாடுகள் வந்தன.

ஒலிம்பிக் என்ற பெயரை எப்படி வைக்கலாம் என்று மேலிடத்துக்குக் கோபம். பேரம் நடந்தது: இவர் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும், அவர்கள் பெண்கள் தடகளத்தைச் சேர்க்க வேண்டும். இவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் 1928 ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது வெறும் 5 போட்டிகள். பிரிட்டிஷ் தடகளப் பெண்கள் கோபித்துக்கொண்டு போகவே இல்லை. 800 மீட்டர் ஓடியவர்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்க, அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல்தான்.

முடிவு என்ன ஆனது?

பெண்களின் உலகப் போட்டிகள் 1926, 1930, 1934 என மூன்று முறை மீண்டும் நடந்தன. அதன்பின் பெண்கள் தடகளம் ஆண்கள் நடத்திய சம்மேளனத்தின் கைக்குப் போனது. மிலியாவின் அமைப்பு கலைந்தது. ஓட்டக்காரிகளுக்காவது ஒலிம்பிக் கதவு பாதி திறந்தது. கால்பந்துப் பெண்களுக்கு அதுவும் இல்லை. பிரான்ஸ் அவர்களை அங்கீகரித்தது 1970இல். இங்கிலாந்தில் தடை விலகியதும் அதை ஒட்டித்தான். 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். இதையெல்லாம் பார்க்க மிலியா இல்லை. 1957இலேயே, பெரிதாகக் கண்டுகொள்ள ஆளில்லாமல், பாரீஸில் இறந்துவிட்டார்.

இப்போது ஏன் இவர் பேச்சு?

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம அளவில் இடம் ஒதுக்கினார்கள். தொடக்க விழாவில் சேன் நதிக்கரையில் எழுந்த 10 பெண்களின் பொன்னிறச் சிலைகளில் மிலியாவும் ஒருவர். வாசலில் நிற்க வைத்த அதே ஒலிம்பிக், அவர் கேட்டு 105 வருஷம் கழித்து, அவருக்குச் சிலை வைத்தது.