பராந்தகனும் ஒரு குடமும்

அணுபுரத்துல இருந்து உத்திரமேரூர் ஒண்ணும் ரொம்பத் தூரமில்ல. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற கல்வெட்டுகளால்தான் முதலாம் பராந்தக சோழன் பேர் இன்னும் பேசப்படுது.

ஆதித்த சோழனின் மகன். 907-ல் அரியணை ஏறினான். பாண்டியனை வென்று மதுரை கொண்டான். தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். கடைசிக் காலம்தான் கசப்பு. 949-ல் தக்கோலம் போரில் மூத்த மகன் ராஜாதித்தன் ராஷ்டிரகூடர்களோடு மோதி இறந்தான். நம்ம செங்கல்பட்டுப் பக்கம் அடங்கிய தொண்டை மண்டலமும் கைவிட்டுப் போச்சு. சுமார் 955-ல் பராந்தகன் மறைந்தான்.

வாளால் பிடிச்சது போச்சு, விதி நின்னுச்சு. 919-லும் 921-லும் அவன் ஆணைப்படி, அதிகாரி முன்னிலையில், ஊர்ச்சபை குடவோலை விதிகளை எழுதியது. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வரும். குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டணும். விவரம் அறியாத சிறுவன்தான் ஓலை எடுக்கணும். வாங்குறவர் ஐந்து விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை.

மனுஷன் தன் லாபத்தைத்தான் பார்ப்பான்னு வச்சுக்கிட்டு விதியை அமைக்கணும். இன்றைய அரசியல் அறிவியலின் பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு சொல்றதும் இதுதான். விரிச்ச விரல்ல ஓலையை ஒளிக்க முடியுமா? நல்லவரைத் தேடல, ஏமாத்துற வழியை அடைச்சாங்க.

ஆனா நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள்ள போச்சு. மத்தவங்களுக்கு எவ்வளவு நேர்மையான குலுக்கலும் வெறும் வேடிக்கைதான். அதனால எந்தத் தேர்தல் விதியைப் படிச்சாலும், எப்படி எடுக்கிறாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, யார் பெயர் உள்ளே இருக்குன்னு பாருங்க.