அபூ உமைரின் சிறு பறவை

ஹதீஸ் கிரந்தங்களில் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் திருப்பெயரை அடிக்கடி கண்டிருப்பீர்கள். 2286 நபிமொழிகளை அறிவித்த பெருந்தகை அவர்கள். அவற்றுள் போர்ச் செய்திகள் உண்டு, மார்க்கச் சட்டங்கள் உண்டு. ஒரு சிறுவனின் பறவை இறந்துபோன செய்தியும் உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மதீனா வந்தடைந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது 10. தந்தையை இழந்த அச்சிறுவரை அன்னை உம்மு ஸுலைம் (ரலி) பெருமானாரின் பணிவிடைக்கென ஒப்படைத்தார்கள். பத்தாண்டுகள் பணி செய்தார்கள்; ஒருமுறையேனும் கடுஞ்சொல் கேட்டதில்லை.

அன்னைக்கும் அபூ தல்ஹா (ரலி) அவர்களுக்கும் பிறந்த தம்பி அபூ உமைர், பால்குடி மறந்த பாலகர். சிட்டுக்குருவி போன்றதொரு சிறு பறவையே அவருக்கு விளையாட்டுத் தோழன். ஒருநாள் அவ்வில்லத்திற்கு எழுந்தருளிய பெருமானார் (ஸல்) குழந்தையின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவினார்கள். பறவை இறந்துவிட்டதென வீட்டார் கூறினர். உடனே அண்ணலார், பெரியவர்களை அழைப்பதுபோல் 'அபூ' என்னும் அடைமொழியோடு அக்குழந்தையை அழைத்து, உமைர் என்னும் பெயரோடு நுகைர் என்னும் பறவையின் பெயர் இனிமையாய் ஒத்தொலிக்க, அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள்.

கவனியுங்கள்! போயும் போயும் ஒரு பறவைக்கா அழுவது என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டது அப்பறவையைப் பற்றித்தான். நம் மௌத்து வீடுகளில் பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாட்டனார் பயணம் போயிருக்கிறார் என்று சொல்லிவைக்கிறோமே, அது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. இப்னுல் காஸ் (ரஹ்) என்னும் ஷாபிஈ மத்ஹபு அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60 நுட்பங்களை எடுத்துக்காட்டித் தனி ஏடே வரைந்தார்.

பின்னர் அதே வீட்டில் ஒரு குழந்தை நோயுற்று இறந்தது. அது அபூ உமைரே என விரிவுரையாளர்கள் கூறுவர். தந்தை வீட்டில் இல்லை. திரும்பி வந்த கணவருக்கு அன்னையார் உடனே அதை உரைக்கவில்லை. அவர் உண்டு இளைப்பாறிய பின்னர், இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என்று ஓர் உவமையால் தொடங்கி, அதன் பிறகே மகனின் மறைவைச் சொன்னார்கள். அபூ தல்ஹா (ரலி) முதலில் சினங்கொண்டு நபிகளாரிடம் சென்றார்கள். அண்ணலாரோ அத்தம்பதியருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள்.

அண்ணலாரின் அருமை மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மறைந்தபோதும் அனஸ் (ரலி) உடனிருந்தார்கள். செவிலித்தாயின் கணவர் கொல்லர், வீடெங்கும் உலைப்புகை. பெருமானாரின் கண்கள் நீர் சொரிவதை அங்கே கண்டார்கள். வியந்து கேட்ட தோழருக்கு, அது அன்பின் கசிவே என்று விடை கிடைத்தது.

பிற்காலத்தில் அவர்கள் பஸராவில் குடியேறினார்கள். மக்களும் பேரர்களுமாகப் பெருகிய குடும்பம் அது. ஆயினும் ஹிஜ்ரி 75-இல் ஹஜ்ஜாஜ் அந்நகருக்கு வருமுன் தம் சந்ததியருள் 120-க்கும் மேற்பட்டோரை மண்ணில் அடக்கிவிட்டதாக, தம் மகள் சொன்ன கணக்கை அவர்களே அறிவித்துள்ளார்கள். நீங்களே எண்ணிப் பாருங்கள். இத்தனை கப்றுகளைக் கண்ட முதியவர் தம்பியின் பறவையை மறக்கவில்லை. அதன் பெயரும், நாயகத்தின் கேள்வியும் அவர்கள் வாய்மொழியாலேயே நம்மை வந்தடைந்தன.

ஹிஜ்ரி 93 (கி.பி. 712) வாக்கில், நூறாண்டைக் கடந்த நிலையில், அவர்கள் பஸராவிலேயே மறைந்தார்கள். அவர்களின் மாணவர் ஸாபித் அல்புனானி (ரஹ்) ஒருநாள் வழியில் சிறுவர்களைக் கண்டு ஸலாம் உரைத்தார்கள். தாம் அனஸ் (ரலி) அவர்களுடன் நடந்தபோது அவர்கள் சிறுவர்களுக்கு இவ்வாறே ஸலாம் உரைத்ததாகவும், நபிகளாருடன் நடந்தபோது நபிகளாரும் அவ்வாறே செய்யக் கண்டதாக அனஸ் (ரலி) கூறியதாகவும் உடன் வந்தவரிடம் சொன்னார்கள்.