பாண்டே பேச்சன் சர்மா 'உக்ர'

பாண்டே பேச்சன் சர்மா 'உக்ர' (டிசம்பர் 29, 1900 - 1967) இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இந்தி எழுத்தாளர், இதழாளர் ஆவார். சிறுகதை, புதினம், நாடகம், தன்வரலாறு ஆகிய துறைகளில் எழுதியவர். ஆண்களுக்கு இடையிலான காதலையும் பாலுறவையும் பொருளாகக் கொண்டு இவர் எழுதிய சாக்லேட் என்னும் சிறுகதைத் தொகுப்பு (1927) இந்தி இலக்கிய உலகில் பல ஆண்டுகள் நீடித்த சர்ச்சையை உண்டாக்கியது. பேச்சு வழக்கில் மறைவாகப் புழங்கிய ஒரு குழூஉக்குறியை இத்தொகுப்பு அச்சில் ஏற்றி, பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

பெயர்

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் உள்ள சுனார் என்னும் ஊரில் ஓர் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் இவர் பிறந்தார். இவருக்கு முன் பிறந்த குழந்தைகள் பல இறந்துபோயின. இந்தக் குழந்தையாவது பிழைக்க வேண்டும் என்று பெற்றோர் இவரைச் சிறு காசுக்கு விற்றதாகச் சடங்கு செய்தனர். அதனால் விற்கப்பட்டவன் என்ற பொருளில் பேச்சன் என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டில் பிச்சை, குப்பன் என்று பெயரிடும் வழக்கத்தோடு இது ஒப்பிடத்தக்கது. உக்ர என்பது இவர் பின்னாளில் சூடிக்கொண்ட புனைபெயர். தமிழில் வழங்கும் உக்கிரம் என்ற சொல்லும் இதே வேரில் இருந்து வந்ததே.

இளமைக் காலம்

இவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. அண்ணனுடன் சேர்ந்து ஊர் ஊராகச் சென்ற இராமலீலைக் குழுக்களில் சிறுவனாக நடித்தார். அக்காலத்தில் இக்குழுக்களில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். இவரும் சீதை வேடம் புனைந்ததுண்டு. அக்குழுக்களில் சிறுவர்கள் பட்ட துன்பங்களையும் அங்கு நிலவிய ஒழுக்கக்கேடுகளையும் இவர் பிற்காலத்தில் தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதினார்.

காசியில் கல்வி பயின்றார். பள்ளிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அரசியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

இதழியல் பணி

காசியில் வெளிவந்த ஆஜ் நாளிதழில் அஷ்டாவக்ர என்ற பெயரில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். பின்னர் கல்கத்தா சென்று மத்வாலா என்னும் வார இதழில் இணைந்தார். 1923இல் மகாதேவ் பிரசாத் சேட் தொடங்கிய இவ்விதழ் தேசியச் சார்பும் நையாண்டியும் கலந்தது. கவிஞர் நிராலா, எழுத்தாளர் சிவபூஜன் சகாய் ஆகியோரும் இவ்விதழுடன் தொடர்புடையவர்கள்.

1924இல் கோரக்பூரில் இருந்து வெளிவந்த சுவதேஷ் இதழின் தசராச் சிறப்பிதழை உக்ர தொகுத்தார். ஆங்கிலேய அரசு அதனைத் தடை செய்தது. சில காலம் தலைமறைவாக இருந்த இவர் பின்னர் கைது செய்யப்பட்டு ஒன்பது மாதம் சிறையில் இருந்தார். பம்பாய்த் திரைப்படத் துறையிலும் சில ஆண்டுகள் எழுத்தாளராகப் பணியாற்றினார்.

சாக்லேட்

1924 மே 31 அன்று மத்வாலா இதழில் சாக்லேட் என்ற தலைப்பில் இவர் எழுதிய சிறுகதை வெளியானது. தொடர்ந்து இதே பொருளில் வேறு சில கதைகளும் வந்தன. 1927இல் எட்டுக் கதைகள் கொண்ட நூலாக இவை தொகுக்கப்பட்டன. நூல் விரைவில் விற்றுத் தீர்ந்து மறுபதிப்புக் கண்டது.

அக்காலத்தில் வட இந்திய நகரங்களில் ஆண்கள் ஆசை கொள்ளும் அழகிய இளைஞனைக் குறிக்கச் சாக்லேட் என்ற சொல் மறைவாக வழங்கியது. தலைப்புக் கதையில், படித்த, மதிப்புமிக்க ஒருவர் ஓர் இளைஞனிடம் மயங்கி உருது காதல் கவிதைகளைச் சொல்லித் திரிகிறார். கதைசொல்லிக்குக் காரணம் விளங்கவில்லை. நண்பர் ஒருவர்தான் அச்சொல்லின் பொருளை விளக்குகிறார். அவருடன் சேர்ந்து வாசகரும் அச்சொல்லைக் கற்றுக்கொள்ளும்படி கதை அமைந்துள்ளது.

இக்கதைகளின் ஆண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நண்பர்களும் சமூக மதிப்பும் உடையவர்கள். தம் காதலுக்குச் சான்றாகப் பழைய கவிஞர்களையும் மேலைநாட்டு அறிஞர்களையும் காட்டுகின்றனர். கதைகள் பொதுவாக அவமானத்திலோ அழிவிலோ முடிகின்றன. இத்தீமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒழிப்பதே தன் நோக்கம் என்று உக்ர வாதிட்டார்.

சாக்லேட் என்ற சொல் விரும்பப்படும் இளைஞனை மட்டுமே குறித்தது. விரும்புகின்ற ஆணுக்கு அது பெயர் தரவில்லை. சிறுவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமையையும், வயது வந்த இருவர் விரும்பிக் கொள்ளும் உறவையும் அது பிரித்துக் காட்டவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் கண்டித்ததே இந்நூலின் பெருங்குறை எனலாம்.

எதிர்ப்பு

இந்நூலைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் விசால் பாரத் இதழின் ஆசிரியர் பனாரசிதாஸ் சதுர்வேதி. இத்தகைய எழுத்துகளுக்கு அவர் காஸ்லேட்டி இலக்கியம் என்று பெயர் சூட்டினார். காஸ்லேட் என்பது இந்தியில் மண்ணெண்ணெயைக் குறிக்கும். எளிதில் தீப்பற்றி நாற்றம் பரப்பும் எழுத்து என்பது இதன் குறிப்பு. இப்பெயர் விரைவில் பரவியது. பிறரைக் கண்டிக்க ஒரு பெயரைக் கையாண்ட உக்ர, தாமே மற்றொரு பெயரால் கண்டிக்கப்பட்டார்.

எதிர்ப்பாளர்களும் உக்ரவும் ஆண்களுக்கு இடையிலான உறவைத் தவறென்றே கருதினர். அதைப் பெயர் சொல்லி எழுதலாமா என்பதில்தான் வேறுபட்டனர். தீமையைக் கண்டிக்க அதனைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது உக்ரவின் கட்சி. சொல்வதே ஆசையைத் தூண்டும் என்பது எதிர்க்கட்சி.

சதுர்வேதி இவ்விவகாரத்தைக் காந்தியடிகளிடம் கொண்டு சென்றார். நூலைப் படித்த காந்தியடிகள், ஆசிரியரின் நோக்கம் தூயதே என்ற கருத்தில் சதுர்வேதிக்கு மடல் எழுதினார். அம்மடல் உடனே வெளியிடப்படவில்லை. இந்தியா விடுதலை பெற்ற பின்னரே அது வெளிவந்தது. 1953இல் உக்ர சாக்லேட் நூலை மீண்டும் பதிப்பித்தார்.

ஒப்பீடு

ஐரோப்பாவில் இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய பெயர்கள் தோன்றியிருந்தன. செருமானிய வழக்கறிஞர் கார்ல் ஐன்ரிச் உல்ரிக்ஸ் 1864இல் ஊர்னிங் என்ற சொல்லை உருவாக்கினார். அவர் ஆண்களை விரும்பிய ஆண். தம்மைப் போன்றோரைக் காக்கவே அச்சொல்லைப் படைத்தார். 1869இல் கார்ல் மரியா கெர்ட்பெனி ஓமோசெக்சுவல் என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். தண்டனைச் சட்டத்தை எதிர்த்த துண்டறிக்கையில் அச்சொல் இடம்பெற்றது. சாக்லேட் என்ற சொல்லோ கண்டனத்தின் வழியாக அச்சேறியது.

உக்ரவின் சொல் பெண்களைப் பற்றிப் பேசவில்லை. உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 1942இல் வெளியிட்ட லிகாஃப் என்னும் சிறுகதை இரு பெண்களின் உறவைச் சித்தரித்தது. ஆபாச எழுத்து என்று லாகூரில் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. கதையில் அவ்வுறவுக்குப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. ஆபாசமான சொல் என்று ஒன்றையும் சாட்சிகளால் சுட்டிக்காட்ட இயலாததால் வழக்கு நிலைக்கவில்லை.

பிற்காலம்

உக்ர திருமணம் செய்துகொள்ளவில்லை. மகாத்மா ஈசா என்னும் நாடகமும், சந்த் ஹசீனோங் கே குதூத், தில்லி கா தலால், புதுவா கீ பேட்டீ ஆகிய புதினங்களும் இவருடைய பிற படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை. 1960இல் வெளிவந்த அப்னீ கபர் என்னும் தன்வரலாறு இந்தியின் சிறந்த தன்வரலாறுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1967இல் தில்லியில் காலமானார்.

மறுமதிப்பீடு

சாக்லேட் தொகுப்பு நெடுங்காலம் இலக்கிய வரலாறுகளில் பேசப்படாமல் இருந்தது. ஆய்வாளர் ரூத் வனிதா இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2009இல் வெளியிட்டார். கண்டிக்கும் நோக்கில் எழுதப்பட்டிருந்தாலும், தம்மைப் போன்ற மாந்தரை அச்சில் கண்ட சில வாசகர்கள் இந்நூலை வரவேற்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எதிர்ப்பாளர்களின் அச்சம் இவ்வளவில் முற்றிலும் பொய்யாகவில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு, இத்தகைய உறவை இயற்கைக்கு மாறான குற்றம் என்ற தலைப்பின் கீழ் வைத்தது. வயது வந்தோர் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழில் இழிவாக வழங்கிய சொற்களுக்கு மாற்றாக மதிப்பான சொற்கள் வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் என்பது அதில் உள்ள சொற்களுள் ஒன்று. இப்பட்டியல் உருவானபோது, அச்சொற்களால் அழைக்கப்படும் மக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. உக்ரவின் காலத்துச் சர்ச்சையில் அவர்களுடைய குரல் இடம்பெறவில்லை.