மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களும் அரபுத்தமிழ்க் கல்வியும்



இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாதோர் நம் கடற்கரை ஊர்களில் மிகச் சிலரே. 1816-இல் காயல்பட்டினத்தில் பிறந்த அவர்கள், இளமையிலேயே கீழக்கரைக்கு வந்து, தைக்கா சாஹிப் வலீ (ரஹ்) அவர்களிடம் ஓதித் தேர்ந்தார்கள். உஸ்தாது தம் மகளையே மணமுடித்துக் கொடுத்தமையால் மாப்பிள்ளை லெப்பை எனும் பெயர் நிலைத்தது.

அவர்களுடைய கராமத்துகளைப் பலரும் பேசுவர். நாம் இங்கே எழுத விழைவது அவர்கள் கல்வி புகட்டிய முறையைப் பற்றியே.

அக்காலத்தில் நம் பெண்மக்கள் வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்றார்கள். தமிழெழுத்து அறிந்தோர் அவர்களுள் குறைவு. சட்ட நூல்களோ அரபியில் இருந்தன. ஒளூ எதனால் முறியும், கடமையான குளிப்பை எவ்வாறு நிறைவேற்றுவது, மாதவிடாய் நாள்களில் விடுபட்ட நோன்புக்கு என்ன செய்வது என்பன அன்றாடம் எழும் வினாக்கள். இவற்றை ஆலிம்களிடம் கேட்க நாணம் தடுக்கும்; கேளாதிருந்தாலோ அமல் பழுதாகும். இதற்கு ஆலிம் அவர்கள் கைக்கொண்ட வழி அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. ட, ப, ள, ழ போன்று அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிய எழுத்துகள் உண்டு. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்மணி, சிறிது பழகினால், அடுப்படியில் அமர்ந்தே மார்க்கச் சட்டம் படிக்கலாம்! எத்துணைக் கூரிய சிந்தனை!

அவ்வழியில் அவர்கள் இயற்றிய 'மகானி'யும் 'ஃபத்ஹுத் தய்யா'னும் வீடுதோறும் ஓதப்பட்டன. பின்னதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1963-இல் கொழும்பில் வெளியாயிற்று. இலங்கைக்கும் அவர்கள் பலமுறை சென்று பணியாற்றினார்கள். வெலிகாமத்தில் 1884-இல் தோன்றிய மத்ரஸத்துல் பாரீயும் அவர்கள் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. 1898-இல் (ஹிஜ்ரி 1316) வஃபாத்தாகி, கீழக்கரையில் அடக்கமானார்கள்.

இன்று நம் மக்தபுப் பிள்ளைகள் முப்பது ஜுஸுவையும் ஓதி முடிக்கிறார்கள். இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அதே பிள்ளையிடம், தொழுகையில் ரக்அத்தின் எண்ணிக்கை மறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் விழிக்கிறது. நாளை கடையில் நிறுத்துக் கொடுக்கவும், கடன் வாங்கவும், வெளிநாடு செல்லவும் போகிற பிள்ளை அது. தமிழெழுத்து இப்போது எல்லார்க்கும் தெரியும். ஆலிம் அவர்களுக்கு இருந்த தடை நமக்கு இல்லை. ஆதலின் வரும் ஆண்டு முதல் மஃரிபுக்குப் பிந்திய ஓதல் நேரத்தில் கால் மணியாவது சட்டப் பாடத்திற்கு ஒதுக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் சில வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். பழைய தாள் என்றெண்ணிக் கழித்துவிடாமல் பள்ளிவாசலில் ஒப்படையுங்கள். அவற்றைப் படித்துக் காட்டக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே தமிழெழுத்தில் பெயர்த்தெழுதி வைப்போம்.