சர்க்கார் வக்கீல் மோதிலால் செதல்வாட்

வழக்கு என்று வந்துவிட்டால் ஒருவன் என்ன செய்கிறான்? தன் கைப்பொருளுக்கு ஏற்ற வக்கீலைத் தேடிப் போகிறான். நியாயம் தன் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வென்று தருபவரே அவனுக்கு நல்ல வக்கீல். ஆனால் வழக்காடுவது அரசாங்கமாக இருந்தால் கணக்கு வேறாகிவிடுகிறது. குற்றம் செய்யாதவன் ஒருவன் சிறைக்குப் போனால் அது அரசாங்கத்தின் வெற்றி ஆகுமா? குடிமகனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய நிலத்தை வாதத் திறமையால் பறித்துக்கொண்டால் அது லாபம் ஆகுமா? வக்கீலுக்குக் கொடுக்கும் கூலியும் அந்தக் குடிமகனின் வரிப்பணம்தானே!

மாவட்டக் கோர்ட்டுகளில் குற்ற வழக்குகளை நடத்தப் பப்ளிக் பிராசிக்யூட்டர் இருக்கிறார். நிலம், வரி, ஒப்பந்தம் முதலிய சிவில் வழக்குகளுக்குக் கவர்ன்மெண்டு பிளீடர் இருக்கிறார். மாநிலத்தின் தலைமை வக்கீல் அட்வகேட் ஜெனரல்; நாட்டின் தலைமை வக்கீல் அட்டர்னி ஜெனரல். இவர்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருக்கு உண்மையாக இருப்பது? சட்டம் பயிலாத என் போன்றவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடியபோதுதான் இந்தியாவின் முதல் அட்டர்னி ஜெனரலாகிய மோதிலால் சிமன்லால் செதல்வாடின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது.

1884-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சர் சிமன்லால் செதல்வாட் பம்பாயில் பெரும்புகழ் பெற்ற வக்கீல். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அதனை விசாரிக்கப் பிரிட்டிஷ் அரசு ஹண்டர் குழுவை அமைத்தது. அதில் இடம் பெற்ற இந்தியர்களுள் சர் சிமன்லாலும் ஒருவர். சர்க்கார் நியமித்த குழுவில் அமர்ந்துகொண்டே ஜெனரல் டயரைக் கேள்விகளால் துளைத்தார் அவர். இந்திய உறுப்பினர்கள் ஆங்கில உறுப்பினர்களோடு உடன்படாமல் 1920-ல் தனி அறிக்கை தந்தனர். நியமித்தவரின் மனத்துக்கு இசைவாகப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்னும் பாடத்தை மகன் வீட்டிலேயே கண்டார்.

மோதிலாலும் பம்பாய் ஹைக்கோர்ட்டில் வக்கீலாகி முன்னணிக்கு வந்தார். 1937-ல் பம்பாய் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் பதவி அவரைத் தேடி வந்தது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தது. தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அந்த ஆண்டிலேயே செதல்வாட் தம் பதவியைத் துறந்தார்.

1947-ல் பஞ்சாப் பிரிவினையின்போது லாகூரில் எல்லைக் கமிஷன் முன் காங்கிரசின் வழக்கை எடுத்துரைத்தவர் அவர். எதிர்த்தரப்பில் முஸ்லிம் லீகுக்காக வாதாடியவர் ஜாபருல்லா கான். அடுத்த ஆண்டில் காஷ்மீர்ப் பிரச்சினை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்குச் சென்றது. அங்கே பாகிஸ்தானுக்காகப் பேச வந்தவரும் அதே ஜாபருல்லா கான்தான். இந்தியத் தூதுக்குழுவுக்கு நம் தமிழ்நாட்டவரான என். கோபாலசுவாமி ஐயங்கார் தலைமை வகித்தார். செதல்வாட் அக்குழுவில் இருந்தார்.

1950 ஜனவரி 28-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு தொடங்கிய அன்றே செதல்வாட் அட்டர்னி ஜெனரல் ஆனார். அப்போது அவருக்கு வயது 65. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஓய்வு பெறும் வயதும் அதுவே! அரசியல் சட்டத்தின் 76-ஆவது பிரிவு, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகும் தகுதி உள்ளவரையே அட்டர்னி ஜெனரலாக நியமிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஓய்வு வயதை அது விதிக்கவில்லை, பதவிக்காலத்தையும் வரையறுக்கவில்லை. ஜனாதிபதி விரும்பும்வரை, அதாவது நடைமுறையில் மந்திரிசபை விரும்பும்வரை, அவர் பதவியில் இருக்கலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பப்படக் கூடிய ஒருவர், அனுப்பக் கூடியவரிடமே கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும்.

பதவியேற்ற சில மாதங்களிலேயே சோதனை வந்தது. கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் சிறை வைக்கப்பட்டிருந்தார். அவருக்காக எம். கே. நம்பியார் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். சென்னை அரசுக்காக அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், மத்திய அரசுக்காகச் செதல்வாடும் எதிர்வாதம் செய்தனர். பார்லிமெண்டு முறைப்படி இயற்றிய சட்டம் வகுக்கும் நடைமுறையே போதும், அது நியாயமானதா என்று அளந்து பார்க்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை என்பது அரசின் வாதம். 1950 மே 19-ஆம் நாள் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்றனர். சட்டத்தின் 14-ஆவது பிரிவு மட்டுமே தள்ளுபடியாயிற்று.

தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்ட ஆண்டில் பதவியை விட்டவர், விசாரணையில்லாச் சிறையை எட்டே ஆண்டுகளில் ஆதரித்துப் பேசலாமா? இக்கேள்வி என்னையும் உறுத்தியது. அந்தத் தீர்ப்பின் கருத்தை 1978-ல் மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே கைவிட்டது என்பதையும் மறக்கலாகாது. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1950-ல் சட்டம் செய்தது மக்கள் நம்பி ஏற்ற பார்லிமெண்டு. அது செய்த சட்டத்துக்காக வாதாடுவது அட்டர்னி ஜெனரலின் கடமை. அச்சட்டம் தவறானால் அதைத் தள்ளுவது நீதிபதிகளின் கடமை. எங்கே அவர் தலைவணங்கக் கூடாது? உண்மையை மறைக்கும்படி ஆட்சி எதிர்பார்க்கும் இடத்தில். அத்தகைய இடமும் அவருக்கு வந்தது.

1956-ல் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், 1957-ல் ஹரிதாஸ் முந்திரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்ச ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. ஏழை எளியவர் கட்டிய பிரீமியப் பணம் அது. பிரதமர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி லோக்சபையில் இதனை அம்பலப்படுத்தினார். பம்பாய்ப் பிரதம நீதிபதி எம். சி. சக்லாவைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1958-ன் தொடக்கத்தில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் நிதித்துறைச் செயலாளர் எச். எம். பட்டேலும் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள்.

கமிஷனுக்கு உதவ வந்தவர் செதல்வாட். அரசின் தலைமை வக்கீலாயிற்றே, அமைச்சருக்குக் குடை பிடிப்பார் என்று யாரேனும் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அந்தப் பேரம் வியாபார நெறிக்கும் பொருந்தாது, பொது ஒழுங்குக்கும் பொருந்தாது என்பதே அவர் கமிஷன் முன் வைத்த முடிவு. அமைச்சரே பொறுப்பு என்று சக்லா தீர்ப்பளித்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நிருவாகத் திறன் மிக்க அத்தமிழர் பின்னாளில் மீண்டும் அமைச்சரானார் என்பது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: அட்டர்னி ஜெனரலை நேருவின் அரசு நீக்கவில்லை. அதற்குப் பின்னும் ஐந்து ஆண்டுகள் செதல்வாட் அப்பதவியில் இருந்தார். நியமிக்கப்பட்டவரின் துணிவு எவ்வளவு தேவையோ, நியமித்தவரின் பொறுமையும் அவ்வளவு தேவை.

அதே 1958-ல் அவர் தலைமையிலான சட்டக் கமிஷன் தன் 14-ஆவது அறிக்கையை அளித்தது. ஹைக்கோர்ட்டு நீதிபதி நியமனங்களில் அரசியலும் வகுப்பும் வட்டாரப் பற்றும் புகுந்துவிட்டன என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே அது கூறியது. அக்காலத்தில் மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே குற்ற வழக்குகளை நடத்தி வந்தனர். பிடித்தவனே தண்டனையும் வாங்கித் தர முயல்வது முறையன்று. ஆகவே வழக்கு நடத்துவோரைப் போலீஸிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அறிக்கை வற்புறுத்தியது.

நாட்டுக்கு வெளியேயும் அவர் நாட்டின் வக்கீலாக நின்றார். தாத்ரா, நகர் ஹவேலி பகுதிகளுக்குச் செல்ல வழி கேட்டுப் போர்ச்சுக்கல் ஹேக் நகரச் சர்வதேசக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. இந்தியாவின் வக்கீல்களுள் அவர் முன்னின்றார். 1960 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, போர்ச்சுக்கலின் படைக்கு வழி கேட்கும் உரிமை இல்லை என்றது; இந்தியா கடமை தவறவில்லை என்றும் கூறியது. 1963 மார்ச்சு மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார். பதின்மூன்று ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர் வேறு எவரும் இல்லை. 1974 ஆகஸ்டு 1-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் பப்ளிக் பிராசிக்யூட்டரை நியமிக்கச் சில வேலிகள் போட்டது. அவருக்குக் குறைந்தது ஏழாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும்; மாவட்ட மாஜிஸ்திரேட்டு, செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியல் தயாரிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இந்த வேலிகள் இருக்கின்றன. ஆனாலும் ஆட்சி மாறினால் சர்க்கார் வக்கீல்களும் மாறுவது வழக்கமாகிவிட்டது. 1990-ல் உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்டங்களின் சர்க்கார் வக்கீல்களையும் ஒரே உத்தரவில் நீக்கியது. அந்த உத்தரவு செல்லாது என்று அதே ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2016-ல் பஞ்சாப், ஹரியானா நியமனங்கள் பற்றிய வழக்கில், சர்க்கார் வக்கீல் பதவி கட்சிக்காரருக்குத் தரும் சன்மானம் அன்று, தகுதி பார்த்து வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மீண்டும் சொல்ல நேர்ந்தது.

சோதனைச்சாலையில் எங்களுக்குத் தராசு ஒன்று உண்டு. வாங்கியவர் விரும்பும் எடையைக் காட்டும் தராசை யாரும் மேசைமேல் வைத்திருக்க மாட்டார்கள், தூக்கி எறிவார்கள். தமக்கு வேண்டிய எடையை மட்டும் காட்டும் வக்கீலை அரசுகள் தேடிப் பிடிப்பது ஏனோ!

நண்பர்களே, நம் சங்கத்தில் சட்டம் பயிலும் தோழர் பலர் இருக்கிறீர்கள். நாளை உங்களில் ஒருவருக்கு ஏதோ ஒரு மாவட்டத்தில் சர்க்கார் கட்டு கைக்கு வரும். அதில் குற்றவாளியின் பெயர் மட்டுமன்று, குற்றமற்றவனின் பெயரும் இருக்கக் கூடும். அதைப் பிரிக்குமுன் 1958-ல் பம்பாயில் நின்ற அந்த முதியவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.