நடிகர் லெஸ்லி ஹோவர்ட்

ஆங்கிலக் கனவான் என்பவன் எப்படியிருப்பான் என்று அமெரிக்க ஜனங்கள் ஒரு காலத்தில் மனத்தில் கற்பனை செய்திருந்தார்களோ, அந்தக் கற்பனைக்கு உருவங் கொடுத்தவர் லெஸ்லி ஹோவர்ட். மெலிந்த தேகம், சாந்தமான முகம், உரத்துப் பேசாத குரல் ஆகியவை அவருடைய மூலதனம். ஆயினும், அவருடைய பிதா ஹங்கேரி தேசத்திலிருந்து வந்து குடியேறிய யூதர் என்பதை, அவரைப் படக்கொட்டகையில் கண்டு களித்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? தூய ரத்தம் என்று ஜம்பம் பேசுவோருக்கு இதனினும் தக்க மறுமொழி வேறொன்றும் நமக்குத் தோன்றவில்லை.

1893-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி லண்டனில் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் ஸ்டைனர். பாங்கியொன்றில் குமாஸ்தாவாயிருந்தவர், 1914-ல் யுத்தம் மூண்ட பின் குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1916-ல் விலகினார். யுத்தத்தினால் நரம்புகள் தளர்ந்தமையே காரணமென்றும், அதற்குச் சிகிச்சையாகவே நாடகமேடையை நாடினாரென்றும் கூறுவர். ஜெர்மன் ஒலியுள்ள ஸ்டைனர் என்ற பெயரும் நாளடைவில் மறைந்தது.

1920 முதல் நியூயார்க் மேடைகளில் அவருக்குக் கீர்த்தி வளர்ந்தது. 1929-ல் அங்கு நடந்த 'பெர்க்லி ஸ்கொயர்' நாடகமும், 1933-ல் வெளிவந்த அதன் படமும் அவரை முன்னணியில் நிறுத்தின. எல்லாம் ஜயமாகவே முடிந்ததென்றும் சொல்வதற்கில்லை. 1936-ல் அவர் ஹாம்லெட் வேஷம் பூண்டபோது, அதே நகரில் ஜான் கீல்குட் அதே வேஷத்தில் ஜனங்களை வசப்படுத்திக்கொண்டிருந்தார். ஹோவர்டின் நாடகம் விரைவில் நின்றுபோயிற்று.

அவருடைய குணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1935-ல் மேடையில் அவருடன் 'பெட்ரிபைட் பாரஸ்ட்' நாடகத்தில் கொள்ளைக்காரனாக நடித்தவர், அதுவரை அதிகம் பிரபலமடையாத ஹம்ப்ரி போகார்ட். நாடகத்தைப் படமாக்க முன்வந்த வார்னர் கம்பெனியார் அவ்வேஷத்தை வேறொரு பிரபல நடிகருக்குக் கொடுக்க எண்ணினர். போகார்ட் இல்லையேல் தாமும் இல்லை என்று ஹோவர்ட் தெரிவித்துவிட்டார். கம்பெனி இணங்கிற்று, போகார்டின் வாழ்வு அன்றே மாறிற்று. 1952-ல் பிறந்த தம் பெண்குழந்தைக்கு லெஸ்லி என்று அவர் பெயரிட்டதன் காரணம் இதுவே. சக நடிகனின் சோற்றுக்காகத் தம் ஒப்பந்தத்தையே பணயம் வைக்கும் நட்சத்திரங்கள் எந்தத் தேசத்திலும் மலிவல்ல.

1938-ல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தை அந்தோணி ஆஸ்க்வித்துடன் சேர்ந்து டைரக்ட் செய்து தாமே நடித்தார். நமது அபிப்பிராயத்தில் அவருடைய நடிப்பின் சிகரம் அதுவே. உலகமோ 1939-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தையே நினைக்கிறது. அதில் தமக்குக் கிடைத்த ஆஷ்லி வேஷம் தம் வயதுக்குப் பொருந்தாதென்று அவர் வெறுத்தார்.

அவ்வருஷமே யுத்தம் வந்தது. ஹாலிவுட்டின் சம்பளத்தையும் சுகத்தையும் விட்டு அவர் தாயகம் திரும்பினார். அமெரிக்க ஜனங்களை நோக்கி ரேடியோவில் பேசினார். நாஜிகளிடம் சிக்கியவர்களைத் தந்திரமாக மீட்கும் பேராசிரியராக 1941-ல் 'பிம்பர்னல் ஸ்மித்' படத்தில் நடித்தார். ஸ்பிட்பையர் விமானத்தை வகுத்த மிட்சலின் வரலாற்றை 1942-ல் படமாக்கினார். யூதர் மகனான அவருக்கு இவை வெறும் தொழிலாயிருந்திருக்க முடியாது.

1943 மே மாதத்தில் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் பிரசங்கங்கள் செய்துவிட்டு, ஜூன் 1-ந் தேதி லிஸ்பனில் விமானமேறினார். ஆயுதமற்ற பிரயாணி விமானம் அது. முன்னர் இருமுறை தாக்கப்பட்டுத் தப்பியது. பிஸ்கே வளைகுடாவின் மேல் ஜெர்மன் போர்விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. பதினேழு பேரும் மாண்டனர். ஒரு சடலமும் கிடைக்கவில்லை. ஹோவர்டுக்கு வயது ஐம்பது. அதில் சர்ச்சில் இருந்ததாக ஜெர்மானியர் மயங்கினர் என்பர் சிலர். ஹோவர்டையே குறிவைத்தனர் என்பர் வேறு சிலர். இரண்டும் ஊகங்களே. மிட்சலின் படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது அதே ஜூன் மாதத்தில், அவர் கடலில் மறைந்த சில நாட்களுக்குப் பின்பு.