ஆண்களுக்கு முழு யூனிஃபார்ம், பெண்களுக்கு மட்டும் மினி ஸ்கர்ட் ஏன்? 'ஸ்டார் ட்ரெக்' நாயகன் ஜீன் ரோடன்பெரியின் மறுபக்கம்!

ஒரே விண்கலம். ஒரே படை. ஆனால் ஆண் அதிகாரிக்குக் கழுத்து முதல் கால் வரை மூடிய உடை, பெண் அதிகாரிக்குத் தொடைக்கு மேலேயே முடிந்துவிடும் குட்டைப் பாவாடை. 23ஆம் நூற்றாண்டில் எல்லோரும் சமம் என்று கதை சொன்ன 'ஸ்டார் ட்ரெக்' தொடரில்தான் இந்தக் காட்சி. அமெரிக்க டிவியின் மிகப் புகழ்பெற்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரி, சமத்துவத்தின் குரலாகக் கொண்டாடப்பட்டவர். அப்படியென்றால் அந்தப் பாவாடை எங்கிருந்து வந்தது? சேனல் கேட்டதா, காலம் கேட்டதா, இல்லை அவரே விரும்பினாரா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஜீன் ரோடன்பெரி?

1921 ஆகஸ்ட் 19ஆம் தேதி டெக்சாஸ் மாகாணத்தின் எல் பாசோ நகரில் பிறந்தவர். வளர்ந்ததெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ். அப்பா போலீஸ்காரர். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானியாகப் பசிபிக் பகுதியில் 89 முறை பறந்தார். போர் முடிந்ததும் பான் ஆம் விமான நிறுவனத்தில் சேர்ந்தார்.

1947 ஜூன் மாதம் கராச்சியில் இருந்து இஸ்தான்புல் சென்ற பான் ஆம் விமானம் சிரியா பாலைவனத்தில் விழுந்து தீப்பிடித்தது. அதில் இருந்த ரோடன்பெரி விலா எலும்பு முறிந்த நிலையிலும் பயணிகளை வெளியே இழுத்துக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டே விமானி வேலையை விட்டுவிட்டு, எழுத்தாளர் ஆகும் ஆசையோடு லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பினார்.

ஆசை இருந்தால் போதுமா, வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமே? 1949ல் அப்பா வழியில் போலீஸ் வேலையில் சேர்ந்தார். வேலை நேரம் போக டிவி தொடர்களுக்குக் கதை எழுதினார். 1956ல் காக்கிக்கு குட்பை சொல்லி முழுநேர எழுத்தாளர் ஆனார்.

1964ல் வந்த பேன்ட் போட்ட பெண் அதிகாரி

1964ன் கடைசியில், நகைச்சுவை நடிகை லூசில் பால் நடத்திய டெசிலு ஸ்டூடியோவில் 'ஸ்டார் ட்ரெக்' முதல் மாதிரி எபிசோட் எடுக்கப்பட்டது. பெயர் 'தி கேஜ்'. அதில் கலத்தின் கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஒரு பெண். பெயரே கிடையாது, 'நம்பர் ஒன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேப்டன் சிக்கிக்கொண்டபோது கலத்தை வழிநடத்தியதும் அவர்தான்.

அவர் என்ன உடுத்தியிருந்தார் தெரியுமா? ஆண்கள் போட்டிருந்த அதே சட்டை, அதே பேன்ட். 1965ல் எடுத்த இரண்டாவது மாதிரி எபிசோடிலும் பெண்களுக்குப் பேன்ட்தான்.

ஆனால் அதே 'தி கேஜ்' எபிசோடில் இன்னொரு பெண்ணும் வருகிறார். உடல் முழுக்கப் பச்சை நிறம் பூசி, கந்தல் போன்ற சிறிய உடையில் ஆடும் அடிமைப் பெண். இந்தப் பச்சை நிறத்தைச் சோதிக்கப் படம்பிடித்தபோது வேடிக்கை ஒன்று நடந்தது. நிறம் தவறுதலாக மாறிவிட்டது என்று நினைத்து ஃபிலிம் லேப் ஊழியர்கள் அதைச் சாதாரணத் தோல் நிறமாகத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்களாம். படக்குழு மேலும் மேலும் பச்சை பூசியும் பலனில்லை. உண்மை தெரியவே நாளானது.

ஆக, ஒரே ஆளின் ஒரே எபிசோடில் இரண்டு பெண்கள். ஒருவர் பேன்ட் போட்டுக் கலத்தை ஓட்டுகிறார். இன்னொருவர் ஆண்கள் பார்ப்பதற்காக ஆடுகிறார். ரோடன்பெரியின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே பயணித்தன.

நம்பர் ஒன் காணாமல் போனது ஏன்?

என்பிசி சேனல் 'தி கேஜ்' எபிசோடை நிராகரித்தது. ஆனாலும் இன்னொரு வாய்ப்பு தந்தது. இரண்டாவது முயற்சியில் நம்பர் ஒன் இல்லை.

அதிகாரத்தில் ஒரு பெண் இருப்பதைச் சேனல் ஏற்கவில்லை என்று ரோடன்பெரி பல ஆண்டுகள் மேடைகளில் சொல்லிவந்தார். ரசிகர்களும் நம்பினார்கள். ஆனால் அந்தத் தொடரின் தயாரிப்பில் கூடவே இருந்த ஹெர்பர்ட் சோலோ, ராபர்ட் ஜஸ்ட்மேன் இருவரும் 1996ல் வெளியிட்ட புத்தகம் வேறு கதை சொன்னது. பெண் அதிகாரி என்பது சேனலுக்குப் பிரச்னையே இல்லை; அந்த வேடத்தில் நடித்த மேஜல் பாரெட்தான் பிரச்னை என்றது அந்தப் புத்தகம். திருமணமான ரோடன்பெரி அப்போது மேஜலைக் காதலித்துக்கொண்டிருந்தார். காதலியைக் கொண்டுவந்து முக்கிய வேடத்தில் வைத்ததைத்தான் சேனல் விரும்பவில்லை என்பது அவர்கள் தரப்பு.

எது எப்படியோ, மேஜல் பொன்னிற விக் வைத்துக்கொண்டு நர்ஸ் சேப்பலாகத் தொடருக்குத் திரும்பினார். கலத்தின் இரண்டாவது இடத்தில் இருந்தவர், டாக்டருக்கு உதவியாளர் ஆனார்.

மினி ஸ்கர்ட் வந்த கதை

1966 செப்டம்பர் 8ஆம் தேதி தொடர் ஒளிபரப்பானபோது பெண்களின் பேன்ட் போய், குட்டைப் பாவாடையும் கறுப்பு ஸ்டாக்கிங்ஸும் வந்திருந்தன.

இங்கே ஒரு திருப்பம். இந்த மாற்றத்தைக் கேட்டதே தான்தான் என்று சொன்னவர் ஒரு நடிகை. கேப்டனின் உதவியாளர் ஜேனிஸ் ராண்ட் வேடத்தில் நடித்த கிரேஸ் லீ விட்னி, நடனக்காரரான தன் கால்களை மறைக்க வேண்டாமே என்று தானே யோசனை சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். உஹுரா வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸும் அந்த உடையை அவமானமாக நினைக்கவில்லை என்றே சொல்லிவந்தார்.

காரணம், அந்தக் காலம் அப்படி. லண்டனில் மேரி குவான்ட் பிரபலமாக்கிய மினி ஸ்கர்ட் அப்போதுதான் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாக்களின் நீளப் பாவாடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இளம்பெண்கள் தாங்களே தேர்ந்தெடுத்த உடை அது. பலருக்கு அது விடுதலையின் அடையாளம்.

அது உண்மைதான். ஆனால் சொந்த விருப்பத்தில் போடும் உடை வேறு, யூனிஃபார்ம் வேறு. ஒருவருக்குப் பிடித்தால் போடலாம், பிடிக்காவிட்டால் விடலாம் என்பதுதானே விடுதலை? விண்கலத்தில் இருந்த பெண்களுக்குப் பேன்ட் என்ற வாய்ப்பே இல்லாமல் போனது.

சென்சாரை ஏமாற்றிய தையல்

தொடரின் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ். பின்னாளில் மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட திறமைசாலி. வேற்றுக்கிரகப் பெண்களுக்கு அவர் தைத்த உடைகள் இன்றும் பேசப்படுகின்றன.

அன்றைய அமெரிக்க டிவியில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கறாரான விதிகள் இருந்தன. தொப்புள் தெரிவதே பெரிய பிரச்னை. அதே என்பிசியில் ஓடிய 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' தொடரின் நாயகிக்கு அதை மறைத்தே உடை தைத்தார்கள்.

தீஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எவ்வளவு தோல் தெரிகிறது என்பதல்ல விஷயம், உடை எந்த நேரமும் நழுவி விழுந்துவிடுமோ என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும், அதுதான் கவர்ச்சி என்பது அவரது கணக்கு. ரசிகர்கள் இதற்கு 'தீஸ் தியரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதுகு, இடுப்பின் பக்கவாட்டு என்று சென்சார் யோசிக்காத இடங்களைத் திறந்துவிட்டார்.

1967ல் வந்த ஒரு எபிசோடில் லெஸ்லி பாரிஷ் அணிந்த இளஞ்சிவப்பு கவுன் இதற்கு நல்ல உதாரணம். தோளுக்குப் பின்னால் தொங்கும் துணியின் எடைதான் முன்பக்கத்தையே பிடித்து நிறுத்தியிருந்தது. நடிகை கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே ஆபத்து. கேமராவுக்கு அது அழகு. அதைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நடிப்பவருக்கு அது எப்பவும் கவனமா இருக்க வேண்டிய வேலை.

ரோடன்பெரி இதையெல்லாம் தெரியாமல் விட்டவர் அல்ல. பெண்களின் உடை விஷயத்தில் அவர் மிகுந்த ஆர்வம் காட்டினார் என்றும், இன்னும் குறைக்கச் சொன்னார் என்றும் உடன் வேலை செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே தொடர்தான் வரலாறும் படைத்தது

ஆனால் இதை வைத்து மட்டும் ரோடன்பெரியை எடைபோட முடியாது. கறுப்பினப் பெண்களுக்கு டிவியில் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே கிடைத்த காலத்தில், உஹுராவைக் கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரியாக உட்கார வைத்தவர் அவர். முதல் சீசன் முடிந்ததும் நிஷெல் நிக்கோல்ஸ் விலக நினைத்தபோது, போகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1977 முதல் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் பணிக்கு அழைக்கும் வேலையை நிஷெல் செய்தார். 1992ல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசனுக்குச் சிறு வயதில் ஊக்கம் தந்ததும் உஹுராதான்.

ரோடன்பெரியின் செயலாளராக இருந்த டி.சி. ஃபான்டானா அதே தொடரின் கதை ஆசிரியராக உயர்ந்தார். வாய்ப்பு கொடுத்தவர் ரோடன்பெரி. ஆனால் முழுப் பெயர் டோரத்தி என்று போட்டால் பெண் எழுதியது என்று தெரிந்துவிடுமே, அதனால் எழுத்துலகில் அவர் வைத்துக்கொண்டது வெறும் இனிஷியல்கள். காலம் அப்படி.

மறுபக்கம் கிரேஸ் லீ விட்னி. மினி ஸ்கர்ட் யோசனை சொன்ன அவரை முதல் சீசன் பாதியிலேயே தொடரில் இருந்து நீக்கிவிட்டார்கள். 1969 ஜூனில் வந்த கடைசி எபிசோடின் மூலக்கதை ரோடன்பெரியுடையது. கேப்டன் பதவி கிடைக்காத ஏக்கத்தில் மனம் பேதலித்து, கேப்டனின் உடலையே பறிக்கும் ஒரு பெண்ணின் கதை அது. 79 எபிசோடுகள் ஓடிய சமத்துவத் தொடர் இப்படித்தான் முடிந்தது.

அதே ஆண்டு ஜப்பானில் மேஜல் பாரெட்டை மணந்தார் ரோடன்பெரி.

மொட்டை அடித்த மும்பை நடிகை

தொடர் நின்றுபோனாலும் மறுஒளிபரப்பில் ரசிகர்கள் பெருகினார்கள். 1979ல் முதல் 'ஸ்டார் ட்ரெக்' சினிமா வந்தது. அதில் நாயகி இலியா வேடத்தில் நடித்தவர் நம்ம ஊர்க்காரர். 1965ல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற மும்பையின் பெர்சிஸ் கம்பாட்டா.

வேடத்துக்காக அவர் தலையை முழுவதும் மழித்துக்கொண்டார். அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. படத்தில் கலத்தின் பெண்களுக்கும் பேன்ட் யூனிஃபார்ம் திரும்பியிருந்தது. ஆனால் இலியா ஒரு இயந்திரமாக மாறி வரும்போது மட்டும் உடை தொடை தெரியும் குட்டை வெள்ளை அங்கியாகவும், கால் செருப்பு ஹை ஹீல்ஸாகவும் மாறிவிட்டது. இயந்திரத்துக்கு எதற்கு ஹீல்ஸ் என்று யாரும் கேட்கவில்லை போலும்.

ஆண்களுக்கும் பாவாடை!

1987ல் ரோடன்பெரி 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற புதிய தொடரைத் தொடங்கினார். இந்த முறை சில மாற்றங்கள். தொடக்க வசனத்தில் ஆண்களை மட்டும் குறித்த சொல், எல்லோரையும் குறிக்கும் சொல்லாக மாறியது. பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ஒரு பெண். அதைவிட ஆச்சரியம், பழைய குட்டை உடையைச் சில ஆண் துணை நடிகர்களும் போட்டுக்கொண்டு வந்தார்கள். 'ஸ்கான்ட்' என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு மட்டும்தானே என்ற கேள்விக்கு இது ஒரு பதில். ஆனால் முக்கிய ஆண் அதிகாரிகள் யாரும் அன்றாடம் அதைப் போடவில்லை. சீக்கிரமே காணாமலும் போனது.

மன ஆலோசகர் டீனா ட்ராய் வேடத்தில் வந்த மரினா சிர்டிஸுக்கு முதல் எபிசோடில் மினி ஸ்கர்ட். பிறகு பல ஆண்டுகள் கழுத்து இறங்கிய, உடம்பை ஒட்டிய தனி உடை. கலத்தின் உயர் அதிகாரிகளில் ஒருவர், ஆனால் யூனிஃபார்ம் இல்லை.

1991 அக்டோபர் 24ஆம் தேதி, 70 வயதில், மாரடைப்பால் ரோடன்பெரி இறந்தார். 1992ல் அவரது அஸ்தியின் ஒரு பகுதி கொலம்பியா விண்கலத்தில் பயணம் செய்து திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் தீஸும் காலமானார்.

அந்த டிசம்பரில்தான் இன்னொன்றும் நடந்தது. கதையில் புதிதாக வந்த ஒரு கேப்டன், ட்ராயை எல்லோரையும் போல யூனிஃபார்ம் போடச் சொல்லி உத்தரவிட்டார். அதற்குப் பிறகுதான் தன் பாத்திரத்துக்கு அறிவான காட்சிகள் கிடைத்தன என்று மரினா சிர்டிஸ் பல முறை சொல்லியிருக்கிறார். உடை மாறியதும் எழுத்தாளர்களின் பார்வையும் மாறிவிட்டது!

அவருக்குப் பிறகு மாறியதா?

உடனே மாறிவிடவில்லை. 1997ல் 'வாயேஜர்' தொடரில் வந்த செவன் ஆஃப் நைன் பாத்திரத்துக்கு உடலோடு ஒட்டிய கேட்சூட். 2001ல் 'என்டர்பிரைஸ்' தொடரின் டி'பாலுக்கும் அதே பாணி. பழியை ரோடன்பெரி ஒருவர் மீது மட்டும் போட முடியாது என்பதற்கு இவையே சாட்சி. அவர் தொடங்கி வைத்த பழக்கம், அவர் இல்லாமலும் ஓடியது.

2017ல் 'டிஸ்கவரி' தொடரில் பெண் கேப்டனாக மிஷெல் யோ. உடை, ஆண்களுக்கு உள்ளதே. 2022ல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' வந்தபோது, 1964ல் எடுத்த மாதிரி எபிசோடுக்குப் பிறகு நீக்கப்பட்ட அந்த நம்பர் ஒன் பாத்திரம் திரும்பவும் கேப்டனுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தது. இந்த முறை அவருக்கு உனா என்ற பெயரும் இருந்தது. ரோடன்பெரி முதல் முயற்சியிலேயே சரியாக எழுதிய ஒரு பெண், அதே இடத்துக்குத் தன் தொடரிலேயே திரும்பி வர 58 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.